இருக்குமிடம் எது என்னும் வினா: மலையகத்துப் பஞ்சாங்கமும் வீட்டுக் கணினியும்

இந்து சமயக் கிரியைகள் பெரும்பாலும் சங்கற்பத்துடன் தொடங்குகின்றன. சங்கற்பம் என்பது கிரியையைச் செய்பவர் எந்தக் காலத்தில், எந்த இடத்தில் நின்று, என்ன நோக்கத்துக்காக அதைச் செய்கிறார் என்பதை வாய்விட்டுச் சொல்லும் உறுதிமொழியாகும். அதில் யுகம், ஆண்டு, அயனம், மாதம், திதி, நட்சத்திரம் என்று காலம் படிப்படியாகக் குறுகிவருவதைப் போலவே, தீவு, வர்ஷம் எனப்படும் நிலப்பகுதி, கண்டம், மேருவுக்குத் தெற்கு என்று இடமும் குறுகிவருகிறது. சங்கற்பத்தின் காலப்பகுதிக்கு வேண்டிய செய்திகளைத் தருவது பஞ்சாங்கம். இலங்கையின் மலையகத்தில் உள்ள நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் அந்தப் பஞ்சாங்கம் நெடுங்காலம் சுவரில் தொங்கும் நாட்காட்டியாகவோ ஐயரின் கைப்புத்தகமாகவோ இருந்தது. இப்போது பல வீடுகளில் அது கணினித் திரைக்கு வந்துவிட்டது. திரைக்கு வந்த பஞ்சாங்கம் நேரத்தைக் கணிப்பதற்கு முன் இடத்தைக் கேட்கிறது, அல்லது கேளாமலே இடத்தை ஊகித்துக்கொள்கிறது. ஹட்டனில் இருக்கும் கணினி தன்னைக் கொழும்பில் இருப்பதாகச் சொல்வதும், இடம் கிடைக்காதபோது மென்பொருளைச் செய்தவரின் ஊராகிய சென்னையே திரையில் நிற்பதும் இவ்வாறு நேர்கின்றன.

இதைச் சரிசெய்வது சில நிமிட வேலை. ஆயினும் அந்த வேலைக்குள் மூன்று பழைய வினாக்கள் அடங்கியிருக்கின்றன: ஒரு பொருள் தான் இருக்கும் இடத்தை எந்த அளவையால் அறிகிறது, அந்த அறிவு பிழைபடும்போது பிழை யாருடையது, பிழையான இடத்தின் பேரில் குறித்த வேளையில் செய்த கிரியை பழுதாகுமா என்பன அவை.

அளவை என்பது அறிவைத் தரும் கருவி, வடமொழியில் பிரமாணம். மெய்கண்டாரின் சிவஞானபோதத்துக்கு வழிநூல் செய்த அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரின் சுபக்கத் தொடக்கத்தில் பிற சமயத்தார் கூறும் அளவைகளையெல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுள் அடக்குகிறார். காண்டல் நேரே அறிவது. கருதல் ஓர் அடையாளத்தைக் கொண்டு காணாத ஒன்றை உய்த்துணர்வது. உரை நம்பத்தக்கவர் சொல்லால் அறிவது. கைத்தொலைபேசிக்குள் செயற்கைக்கோள் சமிக்ஞையை வாங்கும் கருவி இருப்பதால், அது தன் இடத்தை ஏறக்குறைய நேரே அளந்துகொள்கிறது எனலாம். வீட்டுக் கணினியில் பொதுவாக அக்கருவி இல்லை. ஆகவே அதற்குக் காண்டல் இல்லை; கருதலும் உரையும் மட்டுமே உண்டு.

கருதல் வைஃபை வழியாக நடக்கிறது. கணினி தன்னைச் சுற்றிக் கேட்கும் வைஃபை ரவுட்டர்களின் அடையாள எண்களையும் சமிக்ஞை வலுவையும் ஓர் இடச்சேவைக்கு அனுப்ப, அச்சேவை முன்னரே தொகுத்து வைத்துள்ள பட்டியலில் அந்த ரவுட்டர்கள் எங்கே பதிவாகியுள்ளன என்று பார்த்து விடை சொல்கிறது. நகரத்தில் இது நன்றாகவே பலிக்கிறது. ஆனால் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புக்கு) இரண்டொரு ரவுட்டர் மட்டுமே உள்ள தோட்ட டிவிசனில் ஒப்பிடுவதற்கு அடையாளமே போதாது. கொழும்பில் வேலைசெய்த பிள்ளை ஊருக்குக் கொண்டுவந்த ரவுட்டர், பட்டியல் புதுப்பிக்கப்படும் வரையில், கொழும்பையும் தன்னோடு கொண்டுவந்துவிடும். அடையாளமும் உண்மை, பட்டியலும் ஒரு காலத்தில் உண்மை. அவ்விரண்டையும் இணைத்த முடிவுதான் பொய்யாகிறது.

வைஃபையும் இல்லாதபோது உரை எஞ்சுகிறது. இணையத்தில் சேரும் ஒவ்வொரு கணினியும் ஓர் ஐபி முகவரியின் பேரில் வெளியுலகுக்குத் தெரிகிறது. அம்முகவரி கணினிக்குச் சொந்தமானதன்று, இணைப்பு வழங்கும் நிறுவனம் தன் கையிருப்பிலிருந்து இரவல் தருவது. எந்த முகவரித் தொகுதி எந்த ஊருக்குரியது என்று சொல்லும் தரவுத்தளங்களைத் தனியார் நிறுவனங்கள் தொகுத்து விற்கின்றன. அத்தொகுதிகள் நிறுவனத்தின் தலைமையகத்தின் பேரிலோ, அதன் வலையமைப்பு வெளியே திறக்கும் இடத்தின் பேரிலோ பதிவாகியிருக்குமானால், மஸ்கெலியாவில் உள்ள பயனாளரும் பொகவந்தலாவையில் உள்ளவரும் ஒருசேரக் கொழும்புவாசிகள் ஆகிவிடுகின்றனர்.

தேசாந்தரம் என்னும் திருத்தம்

இத்தகைய பிழை கணினியோடு பிறந்ததன்று. பாரதக் கணித நூல்கள் இடம்பற்றிய திருத்தத்தை ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாக அறிந்திருக்கின்றன. ஆரியபடர் முதலியோரின் நூல்களும் சூரிய சித்தாந்தமும் கோள்களின் நிலையை முதலில் ஒரு பொது இடத்துக்குக் கணித்து, பின்னரே அவரவர் ஊருக்குக் கொண்டுவருகின்றன. அந்தப் பொது இடத்துக்கு நூல்கள் இட்ட பெயர் இலங்கை. ஆனால் அந்த இலங்கை, உஜ்ஜயினி வழியே செல்லும் முதன்மைத் தீர்க்கரேகை நிலநடுக்கோட்டை வெட்டும் புள்ளி. வரைபடத்தில் அப்புள்ளி கடலில் விழுகிறது. அங்குச் சூரியன் உதிக்கும் வேளைக்கு இலங்கோதயம் என்று பெயர். நிலநடுக்கோட்டில் ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாக இருப்பதால் அது கணக்குக்கு வசதியான தொடக்கமாக அமைந்தது.

இலங்கோதயத்திலிருந்து ஓர் ஊரின் உதயத்தைப் பெற இரண்டு திருத்தங்கள் தேவை. ஊர் முதன்மைத் தீர்க்கரேகைக்குக் கிழக்கிலோ மேற்கிலோ எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதற்கான திருத்தம் தேசாந்தரம். நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு வடக்கிலோ தெற்கிலோ இருக்கிறது என்பதால் பகல் நீள்வதற்கும் குறைவதற்குமான திருத்தம் சரம். உஜ்ஜயினி ஏறத்தாழக் கிழக்கு 75.8 பாகையில் உள்ளது, ஹட்டன் 80.6 பாகையில் உள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கொண்டால் நூல்களின் இலங்கைக்கும் ஹட்டனுக்கும் தேசாந்தரம் 19 நிமிடம். இலங்கைத் தீவில் வாழ்பவரே இலங்கோதயத்தைத் தம் ஊர் உதயமாகக் கொள்ள முடியாது என்பதும், பெயரை நம்பித் திருத்தத்தைக் கைவிட்டால் கணக்குப் பிழைக்கும் என்பதும் இதன் பொருள். மென்பொருள் செய்பவர்கள் இயல்பிருப்பு இடம் என்று இன்று வழங்குவது இத்தகைய பொது இடத்தைத்தான். பழைய கணிதர் தம் இயல்பிருப்பு கற்பிதம் என்பதை அறிந்தே வைத்தனர், அதை எவரும் தம் வீடென்று மயங்காதபடி திருத்தத்தையும் உடன் வைத்தனர்.

இடம் பிழைத்தால் பஞ்சாங்கத்தில் எது பிழைக்கும் என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். திதி என்பது சந்திரன் சூரியனைவிட்டு 12 பாகை விலகிச்செல்ல எடுக்கும் காலம். நிலவுலகின் நடுவைக் கொண்டு கணிக்கப்படுவதால், அது முடியும் கணம் ஹட்டனுக்கும் சென்னைக்கும் ஒன்றே. சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் கணமும் அவ்வாறே. ஆண்டுதோறும் வாக்கியப் பஞ்சாங்கத்துக்கு ஒன்றும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கு ஒன்றுமாக இரண்டு நேரங்கள் வெளியாவதற்குக் காரணம் கணிதமுறை வேறுபாடே, இட வேறுபாடு அதில் இல்லை. உதயத்தைச் சார்ந்தவைதாம் இடத்தோடு மாறும்: இராகுகாலம், எமகண்டம், ஓரை ஆகியவை பகற்பொழுதைப் பங்கிட்டுப் பெறப்படுவதால் உதயம் நகர்ந்தால் அவையும் நகரும், உதயவேளையில் எந்தத் திதி நிற்கிறதோ அதைக்கொண்டு விரதநாள் குறிக்கப்படுவதால், திதி உதயத்தை ஒட்டி முடியும் அரிய நாட்களில் விரதமே ஒருநாள் தள்ளிப்போகலாம்.

அளவு எவ்வளவு என்றால், கொழும்புக்கும் ஹட்டனுக்கும் முக்கால் பாகை வேறுபாடு, அதாவது 3 நிமிடம். நுவரெலியாவுக்கு நான்குக்குச் சற்றுக் குறைவு. சென்னை விஷயம் வேறு. தீர்க்கரேகையில் சென்னையும் ஹட்டனும் நெருக்கமானவை. ஆனால் சென்னை 6 பாகைக்கு மேல் வடக்கே இருப்பதால், மார்கழியில் ஹட்டனில் சூரியன் சென்னையைவிட ஏறத்தாழ 12 நிமிடம் முந்தி உதிக்கிறது, ஆனியில் ஏறத்தாழ 10 நிமிடம் பிந்தி உதிக்கிறது. இரு நாடுகளின் கடிகாரமும் ஒன்றாக இருப்பதால் இப்பிழை கண்ணில் படாமலே தங்கிவிடுகிறது.

கடிகாரம் எப்போதும் ஒன்றாக இருந்ததில்லை என்பதை மலையகத்தில் சாதகம் பார்ப்பவர்கள் மறந்துவிடக் கூடாது. இலங்கை அரசு மின்சாரத்தைச் சேமிக்கும் நோக்கில் 1996 மே 25 அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னகர்த்தி, அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி நேரம் பின்வாங்கியது. எஞ்சிய அரை மணி 2006 ஏப்ரல் 15 வரை நீடித்தது. அக்காலத்தில் டிக்கோயா ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையின் பிறப்பு நேரத்தை அன்றைய கடிகாரப்படி எழுதிவைத்து, இன்று அதை ஐந்தரை மணி நேர வலயத்தில் கணினிக்குக் கொடுத்தால் இலக்கினப் புள்ளி ஏழு பாகைக்கு மேல் நகர்ந்துவிடும். ஓர் இலக்கினம் ஏறத்தாழ இரண்டு மணி நேரமே நிற்பதால், நான்கில் ஒரு சாதகத்துக்கு இலக்கினமே மாறிப்போகும். பொருத்தம் இல்லை என்று கைவிடப்பட்ட வரன்களில் சில இந்த அரை மணிக்குப் பலியாகியிருக்கவும் கூடும்.

மூன்று நிமிடப் பிழையைப் பெரிதாக்குவதும் தகாது. பஞ்சாங்கத்து உதயம், மறைப்பற்ற சமதளத் தொடுவானத்தில் சூரியன் தோன்றும் வேளை. மலையில் அத்தகைய தொடுவானம் கிடையாது. பள்ளத்தாக்கில் அமைந்த லயத்துக்குச் சூரியன் எதிர்மலையைத் தாண்டி வரக் கணித உதயத்துக்குப் பின் நெடுநேரம் ஆகும்; 2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாதமலையின் உச்சியில், கீழ்வானம் முழுதும் திறந்திருந்தால், உயரத்தின் காரணமாகவே கணித உதயத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகச் சூரியனைக் காணலாம். கணினியின் இடத்தைச் சரியாக்கிய பின்னும் திரையில் தோன்றும் உதயம் கண்ணுக்குத் தெரியும் உதயம் ஆகாது.

பிழை யாருடையது

இந்தியத் தத்துவ மரபில் மயக்க அறிவு எப்படித் தோன்றுகிறது என்பதை ஆராயும் பகுதிக்குக் கியாதிவாதம் என்று பெயர். நியாய மரபினர் அதை அன்யதாகியாதி என்பர்: வேறோரிடத்தில் உண்மையாக உள்ள ஒன்றை இங்கே உள்ளதாக அறிவது. கொழும்பு உண்மையில் உண்டு, ஹட்டனில் அது ஏற்றப்பட்டது என்று அவர்கள் விளக்குவர். மீமாம்சையில் பிரபாகரர் மரபு இதனை மறுத்து, பொய்யறிவு என்று ஒன்று தனியே இல்லை, இரண்டு மெய்யறிவுகளுக்கிடையே உள்ள வேற்றுமையை அறியாமையே மயக்கம் என்று அகியாதியைக் கூறும். கணினியின் இடப்பிழைக்கு இந்த இரண்டாவது விளக்கமே மிகப் பொருந்துகிறது. முகவரி கொழும்பில் பதிவானது என்பது மெய். கணினி ஒரு மேசைமேல் இருக்கிறது என்பதும் மெய். பதிவான இடமும் இருக்கும் இடமும் வெவ்வேறு என்பது மட்டும் கவனிக்கப்படவில்லை. கவனிக்கத் தவறியது யார் என்று கேட்டால், இயந்திரத்தைச் சுட்ட இயலாது. சைவ சித்தாந்தத்தில் உயிர் தானே அறியாது, அறிவிக்க அறியும். ஆனாலும் அது சித்து, அறிவிக்கப்பட்டதை அறியும் தன்மை உடையது. கணினி சடம், அதற்கு அறிவிக்கலாம், அது அறியாது. மயங்கியவர் திரையைப் படித்தவரே.

சித்தாந்தம் உயிருக்குச் சொல்லும் மற்றொரு இலக்கணமும் இங்கே நினைக்கத்தக்கது. உயிர் சார்ந்ததன் வண்ணமாவது. தனித்து நின்று தன்னை அறியமாட்டாமல், எதைப் பற்றி நிற்கிறதோ அதன் தன்மையையே தன் தன்மையாகக் கொள்வது. மலத்தைச் சார்ந்தபோது மலமாகவும், சிவத்தைச் சார்ந்தபோது சிவமாகவும் நிற்பது இதனாலேயே. தான் இணைந்த வலையமைப்பின் ஊரைத் தன் ஊராகச் சொல்லும் கணினியிடம் இந்த இலக்கணத்தின் புறவடிவைக் காணலாம். ஆனால் சார்பை மாற்றிக்கொள்ளும் விழைவு உயிருக்கு உண்டு, கணினிக்கு இல்லை.

சித்தியார் குற்றமற்ற காட்சியை ஐயமும் திரிபும் நீங்கியது என்று வரையறுக்கிறது. ஐயம் இதுவோ அதுவோ என்று நிற்பது. திரிபு ஒன்றை மற்றொன்றாகத் துணிந்துவிடுவது. மின்வரைபடங்களில் புள்ளியைச் சுற்றி ஒரு நீலவட்டம் தோன்றுவதுண்டு. இந்த வட்டத்துக்குள் எங்கோ என்று தன் ஐயத்தை அது ஒப்புக்கொள்கிறது. வட்டம் பெரிதாக இருப்பது குறைபாடே ஆயினும் பொய்யன்று. ஐபி தரவுத்தளமோ ஊர்ப்பெயரை உறுதியாகச் சொல்லிவிடுகிறது. ஐயத்தைத் திரிபாக மாற்றினால் எவ்வளவு கேடு விளையும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. மேக்ஸ்மைண்ட் என்னும் தரவுத்தள நிறுவனம், அமெரிக்காவில் என்பதற்கு மேல் எதுவும் தெரியாத ஐபி முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுப்பகுதியில் ஒரு புள்ளியைக் குறித்துவைத்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் அவ்வாறு குறிக்கப்பட்டிருந்தன. அப்புள்ளி கன்சாஸ் மாநிலத்தில் பொட்வின் என்ற சிற்றூரை அடுத்த ஒரு பண்ணை வீட்டின்மேல் விழுந்தது. இணையக் குற்றவாளிகளைத் தேடியவர்களும் காவலரும் ஆண்டுக்கணக்கில் அவ்வீட்டுக்கு வந்து அங்கிருந்தோரைக் குற்றவாளிகளாக நடத்தினர். 2016ஆம் ஆண்டு செய்தி வெளிவந்த பிறகே நிறுவனம் அப்புள்ளியை ஓர் ஏரியின் நடுவுக்கு மாற்றியது. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் ஒரு துல்லியமான எண்ணை எழுதியதே அங்கு நேர்ந்த பாவம்.

பதிவும் இருப்பும்

பதிவான இடத்தை இருக்கும் இடமாகக் கொள்ளும் மயக்கத்தை இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழர் அளவுக்கு அனுபவித்த மக்கள் சிலரே. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டம், ஒருவர் இலங்கையில் பிறந்திருப்பது மட்டும் போதாது, தந்தையோ, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்திருப்பதைக் காட்ட வேண்டும் என்று வைத்தது. பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத லயத்து மக்களிடம் இந்தச் சான்று கேட்கப்பட்டது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த கையும் மலைச்சரிவில் ஊன்றிய காலும் சான்றாக ஏற்கப்படவில்லை. முன்னோர் புறப்பட்ட இடமே அவர்கள் இடம் என்று துணியப்பட்டது. 1964 அக்டோபர் 30 அன்று கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தீர்மானித்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்க்கலாம் என்று ஒதுக்கிற்று; அவர்களும் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இலங்கையில் இந்தியர் எனப்பட்டவர்கள் நீலகிரியின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியேறியபின் சிலோன்காரர் எனப்பட்டனர். இரு பக்கத்துப் பதிவேடுகளும் அவர்களை எதிர்ப்பக்கத்திலேயே கண்டன.

திருத்தம் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினரும் அவர்கள் சந்ததியினரும் குடிமக்கள் என்று அது கூறியது. அளவை மாறியதை இதில் காணலாம்: வம்சப்பதிவு என்னும் உரையை விடுத்து, வாழ்ந்திருத்தல் என்னும் காண்டலைச் சட்டம் ஏற்றது. தனி முகவரி இன்றித் தோட்டத்தின் பெயரில் கடிதம் பெறும் குடும்பங்கள் இன்னும் இருப்பதால், திருத்தம் முழுமையடைந்தது என்று சொல்வதற்கில்லை.

சமயத்தில் இம்மக்கள் சட்டத்துக்கு முன்பே இந்தத் திருத்தத்தைச் செய்துகொண்டனர். மாரியம்மனும் மாடசாமியும் முனியாண்டியும் கடல்கடந்து வந்த தெய்வங்கள். அவற்றின் அருகில், தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்துக்குக் காவலாக ரோதைமுனியும், தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் காலத்துக்குரிய கவ்வாத்துச்சாமியும் எழுந்தனர். இவ்விரு தெய்வங்களுக்கும் தமிழகத்தில் மூலத்தலம் இல்லை. பிடிமண் எடுத்துவர வேறு ஊரும் இல்லை. எங்கும் நிறைந்த பொருளுக்கு இடம் குறிப்பது எவ்வாறு என்ற வினாவுக்குச் சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம் அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் சிவனெனவே தொழுக என்று விடை சொல்கிறது. அவ்விடையின்படி தலத்தை நிறுவுவது வழிபாடு. வழிபடுவோர் நிற்குமிடமே தலத்தின் இடம்.

இதிலிருந்து மூன்றாவது வினாவுக்கு விடை பெறலாம். கணினி காட்டிய கொழும்பு நேரத்தை நம்பி ஹட்டனில் செய்த கிரியை பழுதாவதில்லை. ஏனெனில் சங்கற்பத்தில் இடத்தை அறிவிப்பவர் கிரியை செய்பவரே, கணினி அன்று, அவர் நின்ற இடமோ ஹட்டன். கிரியையின் முடிவில் மந்திரம் குறைந்தது, கிரியை குறைந்தது, பக்தி குறைந்தது எனச் சொல்லிப் பொறுத்தருளுமாறு வேண்டுகின்ற வாசகம், பரவலாக ஓதப்படும் வடிவத்தில், இடம் பிழைத்ததற்கு மன்னிப்புக் கேட்பதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. ஆனால் பிழையென்று தெரிந்த பின்னும் திருத்தாமல் விடுவது வேறு. தேசாந்தரமும் சரமும் கணிதனின் விருப்பத்துக்கு விடப்பட்டவை அல்ல, அவன் கடமை. அறிந்தும் திருத்தாது விட்டவன் பஞ்சாங்கம் கணித்தவனே அல்லன்.

கடமை எளிது. பஞ்சாங்க மென்பொருளில் தானாக இடம் அறியும் வசதியை நிறுத்திவிட்டு இடத்தைக் கையால் எழுத வேண்டும்: ஹட்டனுக்கு வடக்கு 6.89 பாகை, கிழக்கு 80.60 பாகை, நுவரெலியாவுக்கு வடக்கு 6.95, கிழக்கு 80.79. விண்டோஸ் கணினியில் இருப்பிட அமைப்புக்குள் இயல்பிருப்பிடத்தைத் தம் ஊராக வைத்து, உலாவியில் இடம் கேட்கும் தளங்களுக்கு அனுமதி தந்து, விபிஎன் இயங்கினால் அதை நிறுத்த வேண்டும். ஐபி தரவுத்தளத்துப் பிழையை இணைப்பு வழங்கும் நிறுவனத்துக்கோ தரவுத்தள நிறுவனத்துக்கோ எழுதித் திருத்தலாம், ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நேர வலயம் ஐந்தரை மணி என்று இருக்கட்டும். 1996 மே 25 முதல் 2006 ஏப்ரல் 15 வரை இலங்கையில் பிறந்தவர்களின் சாதகத்துக்கு மட்டும், அந்தந்த நாளில் நடப்பில் இருந்த வலயத்தைத் தவறாமல் இட்டுக் கணிக்க வேண்டும்.